ஏர் ஃபில்டருக்கு எண்ணெய்க் குளியல்

ஈப்போவில் எங்கள் காரைக் கழுவும் வேலையை மழை பார்த்துக்கொண்டது. மாலையானால் சுண்ணாம்பு மலைகளின் பக்கமிருந்து வந்து கொட்டிவிட்டுப் போகும். இங்கே சென்னை அடையாற்றில், காலையில் மாடியிலிருந்து இறங்கினால் கார் தூசியில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது. துடைத்த துணியை உதறி முடிப்பதற்குள் அடுத்த பூச்சு விழுகிறது. அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. எனக்குத்தான், கண்ணாடியில் இவ்வளவு படிந்தால் உள்ளே எவ்வளவு போகும் என்ற கவலை. காரின் உள்ளே என்றுதான் சொல்லிக்கொண்டேன். என் மகள் தர்ஷினி தினமும் அதில்தான் நந்தனத்தில் இருக்கும் கல்லூரிக்குப் போய்வந்தாள்.

கணவரின் வேலை எங்களை மலேசியாவிலிருந்து இங்கே கொண்டுவந்து போட்டது. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தம்பி முரளி ஒரு ஏர் ஃபில்டரைக் கொடுத்தான். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் சாதனம். சாதாரண ஃபில்டர் காகிதத்தில் இருக்கும், அழுக்கானால் தூக்கிப் போட வேண்டும். இது பஞ்சுத் துணி. கழுவி, காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் பூசினால் தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். "வருசத்துக்கு ஒரு தடவ போதும்க்கா, லேசா," என்றான். நான் படித்தவள்தான். டப்பாவில் எழுதியிருந்ததும் அதேதான். ஆனால் இந்த ஊர்த் தூசிக்கு லேசாகப் பூசினால் போதுமா? சனிக்கிழமைதோறும் தர்ஷினியின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, கையோடு கீழே இறங்கி ஃபில்டரோடு தம்பி கொடுத்த சிவப்பு எண்ணெயை எடுத்து அதற்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுவேன். போத்தல் சீக்கிரமே தீர்ந்து, தம்பியிடம் சொல்லி இன்னொன்று வரவழைத்தேன். பிள்ளையோ இயந்திரமோ, எண்ணெயால் கெட்டுப்போகும் என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

கொஞ்ச நாளில் கார் சோர்ந்துபோனது. அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கியது. பிறகு, நானும் கூடப் போயிருந்த அந்தக் காலை. நந்தனம் சந்திப்பில் வலது பக்கம் திரும்ப, எதிரே இடைவெளி பார்த்து தர்ஷினி ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். வண்டி நின்றும் போகவில்லை, பாயவும் இல்லை. நடுச்சாலையில் ஊர்ந்தது. என் பக்கத்துக் கண்ணாடி முழுக்கப் பேருந்தின் முகம். பிரேக் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்திய ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"வூட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?"

தர்ஷினி அவரை நிமிர்ந்து பார்த்து, "சொல்லிட்டோம் அங்கிள். அம்மா கூடத்தான் இருக்காங்க," என்றாள்.

சாகப் போகிறாயே, வீட்டில் விடைபெற்றாயா என்று இந்த ஊரில் திட்டும் முறை அது. என் பிள்ளை அதை விசாரிப்பு என்று நினைத்து மரியாதையாகப் பதில் சொன்னாள். அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடி முழுக்க நின்ற அந்த முகமும் போகவில்லை. இதை எழுதும்போதுகூட இடது தோள் தானாக ஒடுங்குகிறது.

அன்றே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். "நான்தாம்மா சரியா அழுத்தல. இந்த ஊரு எனக்கு ஒத்து வரல. ஈப்போவுல மாமா வீட்டுல இருந்து படிக்கிறேன்." சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் கார் ஓட்டாமல் இருப்பதில் எனக்குச் சம்மதம். கடல் தாண்டிப் போய்விடுவாள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தெருமுனை மெக்கானிக் சேகரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். மெக்கானிக்கை எங்கள் ஊரில் 'போமன்' என்போம். வந்த புதிதில் அப்படிக் கேட்டு நான் அலைந்த கதை தனி. சேகர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா பாப்பா, கிளட்ச்ச மிதிச்சிக்கினே ஓட்டுவியா? பிக்கப்பே இல்லியே."

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். சேகர் பானெட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியவர், ஒரு நிமிடம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மேடம் இது, பஜ்ஜி கீது போட்டியா உள்ள?" ஃபில்டரைத் தூக்கினார். அதிலிருந்து எண்ணெய் சொட்டியது.

தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன். பார்த்ததும் தலையில் கை வைத்தான். ஃபில்டருக்கு அப்பால், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறதாம். அதில் முடி மாதிரி ஒரு கம்பி. நான் பூசியதெல்லாம் அதில் போய் ஒட்டி, அதன்மேல் தூசியும் அப்பிக்கொண்டது. வருகிற காற்று குறைவு என்று அது தப்பாகச் சொல்ல, எஞ்சினும் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டது. "அக்கா, அந்தக் கம்பிய யாரும் தொடக் கூடாது லா! ஸ்ப்ரே மட்டும்!"

"ஃபாரின் டாக்டரு லைன்ல கீறாரா? எங்களுக்கும் தெரியும் நைனா," என்றார் சேகர். சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கும் கிளீனரைத் தள்ளிப் பிடித்து அடித்தார். பழுப்பாக வழிந்தது. பிறகு தெளிவாக வழிந்தது. அது காயும்வரை காத்திருந்தோம்.

"அப்ப நான் சரியாத்தான் அழுத்துனேனா?" என்றாள் தர்ஷினி.

"சரியாத்தான்," என்றேன்.

"சத்தியமா?"

"நீ சரியாத்தான் அழுத்துன. நான்தான் எண்ணெயக் கொட்டிட்டேன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். சேகர் சென்சாரைத் திரும்ப மாட்டி, புதுக் காகித ஃபில்டர் ஒன்றை உள்ளே வைத்து மூடினார். "எட்த்துக்கினு போ பாப்பா. இனிமே அம்மாவ பானெட்டு கிட்ட வுடாத."

திரும்பி வரும்போது பாலத்தில் வண்டி இழுத்த இழுப்பில் என் முதுகு இருக்கையில் ஒட்டியது. வாசலில் என்னை இறக்கிவிட்டு, "பெசன்ட் நகர் வரைக்கும் போய்ட்டு வரேம்மா. தனியா. ஏழு மணிக்குள்ள," என்றாள். ஈப்போ பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் கார் ஓட்டுவதையும் ஈப்போ போவதையும் ஒரே சமயம் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தலையை ஆட்டினேன்.

எங்கள் சமையலறைக் கடிகாரம் ஈப்போவிலிருந்து வந்தது. இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். தம்பிக்குப் போன் பேச வசதி என்று சொல்லி மாற்றாமலே வைத்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தில் இரவு எட்டரை ஆகிவிட்டிருந்தது. அங்கே கடைகளைச் சாத்தி, பெண்பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்திருக்கும் நேரம். நான் சன்னலைப் பார்த்தபடி, கடிகாரத்தின்படி பயந்துகொண்டிருந்தேன்.