பதினேழு விண்ணப்பங்கள்

எங்கள் ஓஹாயோ பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் அமெரிக்க அரசுப் பாடத்தைப் பெரும்பாலும் ஃபுட்பால் கோச்தான் நடத்துவார். வகுப்பில் ஏதாவது படத்தைப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் யாரை இறக்கலாம் என்று பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். பிள்ளைகளும் நிம்மதியாகத் தூங்குவார்கள். க்ளென் யோஸ்டுக்கு வந்த பந்தைப் பிடிக்கக்கூடத் தெரியாது. பைன் ரன் பள்ளிக்கு அவர் வேலைக்கு வந்த வருடம் கோச்சுக்குக் கணக்குப் பாடம் கொடுத்துவிட்டார்கள். அரசுப் பாடம் அநாதையாகக் கிடந்ததால் இவர் தலையில் விழுந்தது. இருபத்தாறு வருடம் அதை இறக்கி வைக்கவே இல்லை.

நான் லோரெட்டா. பக்கத்து அறையில் வேதியியல் நடத்தியவள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதன் வழியாக அவருடைய பாடம் முழுவதும் என் காதில் விழும். மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு வருடம், பள்ளிக்கு முன்னால் இருந்த சாலைக் குழியைப் பற்றி மாவட்ட அலுவலகத்துக்கு வகுப்பே சேர்ந்து எழுபது கடிதம் எழுதியது. குழியை மூடினார்கள். அன்றைக்கு எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் அந்தத் தார் ஒட்டைக் காட்டி, "பாத்தீங்களா? இதான் அரசாங்கம்" என்றார். அதற்குப் பிறகு எழுதிய எந்தக் கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை. ஆனாலும் வருடாவருடம் எழுத வைப்பார்.

தான் எந்தக் கட்சி என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முடிவெட்டும் கடையில் அதற்குப் பந்தயம்கூடக் கட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகளிடமும் யாருக்கு ஓட்டு என்று கேட்க மாட்டார். "ஓட்டு போடுற இடத்துல திரை எதுக்குத் தொங்குது? உங்க அம்மா பாக்கக் கூடாதுன்னுதான்" என்பார். அதைச் சொல்லும்போது எல்லா வருடமும் அவரே முதலில் சிரிப்பார்.

அவர் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு வழக்கத்தில். அக்டோபரில், வாக்காளர் பதிவுக்குக் கெடு முடியும் வாரத்தில், பதினெட்டு வயதாகும் கடைசி வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு முப்பது மைல் தள்ளியிருக்கும் தேர்தல் அலுவலகத்துக்குப் போவார். ஒவ்வொருவரும் வரிசையில் நின்று தங்கள் விண்ணப்பத்தைத் தங்கள் கையாலேயே கொடுக்க வேண்டும். தபாலில் போட்டாலே போதும். அப்படிச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

நான் சொல்லும் வருடத்தில் பள்ளியின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. பள்ளி நடக்க ஊர் மக்கள் நிலவரியைக் கூட்டி ஓட்டுப் போட வேண்டும். இரண்டு தடவை தோற்றாயிற்று. நவம்பரில் மூன்றாவது தடவை. அதுவும் தோற்றால் பள்ளியைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை இருபத்திரண்டு மைல் தள்ளி லூகன் ஊருக்கு அனுப்புவது என்று நிர்வாகக் குழு தீர்மானித்துவிட்டது. லூகன் எங்கள் பரம எதிரி. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எங்கள் ஆட்கள் எச்சில் துப்புவார்கள்.

அந்த வருடம் யோஸ்டிடம் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு புது ஓட்டு. அவர் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய விண்ணப்பக் கத்தையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த அக்டோபரில், கிளம்ப வேண்டிய செவ்வாய்க்கிழமை காலை பேருந்து இல்லை. வரி தோற்றதில் ஓட்டுநர்களைக் குறைத்திருந்தார்கள். இருந்த ஒருவரும் வாலிபால் பெண்களைப் போட்டிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "நாளைக்குப் போங்களேன் க்ளென்" என்றார் ஹெட்மாஸ்டர், அவருக்கென்ன.

"நீங்களே கார்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. உங்க வகுப்பை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அப்போ அது நான் குடுத்த விண்ணப்பம் ஆயிடும், லோரெட்டா. அவங்க குடுத்தது ஆகாது."

"கெடு இன்னிக்குத்தானே?"

"நாளைக்கு. நேத்து கொலம்பஸ் நாள், அரசாங்க லீவு. லீவு வந்தா கெடு ஒரு நாள் தள்ளிப்போகும். இதுக்கு நான் பரீட்சையே வைக்கறேன்."

தேர்தல் தேதியில் அவரோடு யார் வாதாடுவது? நானும் நம்பினேன்.

புதன்கிழமை துணைக்கு நானும் போனேன். தேர்தல் அலுவலகத்தில் டார்லா இருந்தாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவரிடமே படித்து, அதே பேருந்தில் வந்து, அதே இடத்தில் விண்ணப்பம் கொடுத்தவள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முதல் விண்ணப்பத்தைக் கையில் வாங்கியதும் அவள் முகம் மாறியது.

"சார், நேத்தோட முடிஞ்சிடுச்சே."

"இல்லம்மா. திங்கக்கிழமை லீவு. ஒரு நாள் தள்ளணும்."

"தள்ளித்தான் சார் செவ்வாய் ஆச்சு. ஞாயித்துக்கிழமை வர வேண்டிய கெடு. லீவையும் சேத்துத்தான் செவ்வாய்னு அறிவிச்சோம். நீங்க இன்னொரு தடவை தள்ளிட்டீங்க."

பதினேழு பேரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். யோஸ்ட் சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்தார். கணக்குப் போட உதடு அசைந்தது. வேட் என்கிற பையன், வகுப்பின் வாயாடி, பின்னாலிருந்து, "நேத்துத் தேதியக் குத்திடுங்கக்கா, என்ன குறைஞ்சு போச்சு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டார்லா சிரிக்கவில்லை. அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. முத்திரைக் கட்டையை அவர் பக்கம் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், என் தம்பியும் உங்க பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"இன்னிக்குத் தேதியே போடு, டார்லா" என்றார். "அடுத்த தேர்தலுக்கு ஆகும்."

திரும்பி வரும் வழியில் அவர் விரலை மடக்கி நாட்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

நவம்பரில் வரி ஒன்பது ஓட்டில் தோற்றது. எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணி, அதே ஒன்பது. மறுநாள் காலை அவர் நடுக் கதவைத் திறந்து என் அறைக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

"பதினேழு பேர், லோரெட்டா. ஒம்போது ஓட்டு."

"டார்லா முத்திரைய நீட்டினாளே" என்றேன். என் வாயைத் தைக்க வேண்டும். சொன்ன அந்த நொடியே திரும்ப எடுக்க முடியாதா என்று தவித்தேன். அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னிக்கு வகுப்புல சொல்லப்போறேன். நீங்க வந்து நில்லுங்க. சொல்லாம நழுவிடுவேனோன்னு பயமா இருக்கு."

போய் நின்றேன். அவர் மேஜைக்கு முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, தண்டனைக்கு நிறுத்திய பையனைப் போலப் பேசினார். பள்ளியை மூடப்போகிறார்கள், அதற்குக் காரணம் தான்தான் என்றார். தேதியைத் தவறாக எண்ணினேன், உங்கள் பதினேழு ஓட்டையும் வீணாக்கினேன், உங்கள் தம்பி தங்கைகள் இனி இருட்டில் எழுந்து பேருந்து ஏற வேண்டும், என்னை மன்னிக்க வேண்டும் என்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் ஷெல்பிதான் கையைத் தூக்கினாள். எல்லாப் பரீட்சையிலும் முதல் மார்க், அரசியல் சட்டத்தின் முன்னுரையை ஒரே மூச்சில் சொல்கிறவள். அவள் கண் கலங்கியிருந்தது.

"சார், நீங்க வருத்தப்படாதீங்க. நான் வேண்டாம்னுதான் போட்டிருப்பேன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"எங்களுக்கு இருநூறு ஏக்கர் இருக்கு சார். இப்பவே வரி கட்ட முடியலை. அப்பா ஏற்கெனவே ரெண்டு வயலை வித்துட்டார். அதனால என் ஓட்ட நினைச்சு நீங்க அழாதீங்க."

"என்னோடதும்தான் சார்" என்றான் அடுத்த வரிசையில் இருந்த டிலன். "லூகன்ல வெல்டிங் சொல்லித் தராங்க. என் தம்பி அங்க போனாத்தான் பொழைப்பான்."

வேட் பெரிய மனசோடு எழுந்தே நின்றான். "என்னை எதுக்கு சார் கணக்குல சேக்குறீங்க? நான் ஓட்டுப் போடப் போயிருக்கவே மாட்டேன். அன்னிக்கு வில்லெடுத்துட்டு மான் வேட்டைக்குல்ல போனேன். விண்ணப்பத்துக்குப் பதினஞ்சு மார்க்னு சொன்னீங்க, அதான் எழுதினேன்."

அதற்குப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். எங்க வீட்ல யாரும் சரின்னு போடல சார். லூகன்ல ஜிம் பெருசு சார். எனக்கு இந்த ஊரே வேண்டாம், ஜூன்ல கிளம்பிடுவேன் சார். ஒவ்வொருவராக அவர் மனசை ஆற்றினார்கள். அவ்வளவு அன்பான பிள்ளைகள். போதும், வாயை மூடுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொரு பேர் வேண்டாம் என்றார்கள் அல்லது போயிருக்க மாட்டோம் என்றார்கள். மிச்சம் ஆறு பேர் குனிந்துகொண்டார்கள். அந்த ஆறு பேரும் சரி என்றே போட்டிருந்தாலும் ஒன்பதை எட்டாது.

"ரொம்ப நன்றி" என்றார் யோஸ்ட். புத்தகத்தில் நூற்றுப் பதினான்காம் பக்கத்தை எடுக்கச் சொன்னார். மசோதா எந்தக் குழுவுக்கு முதலில் போகும் என்று கேட்டார். ஷெல்பி சரியாகச் சொன்னாள்.

சிலர் ஆறுதலுக்காகப் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. வகுப்பு முடிந்ததும் ஷெல்பியைப் பிடித்துக் கேட்டேன். "மேடம், சார்கிட்ட யாராவது பொய் சொல்வாங்களா?" என்றாள்.

சாப்பாட்டு வேளையில் அவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். ரொட்டியைப் பிரிக்கவே இல்லை.

"இப்போ நிம்மதியா இருங்க. உங்க மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சே" என்றேன்.

"ஆமாம்" என்றார். "நேத்து ராத்திரி பூரா, இந்தப் பள்ளிக்கூடத்தை நான்தான் மூடிட்டேன்னு நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன், லோரெட்டா. அந்த ரோட்டுக் குழியை விட்டா, இருபத்தாறு வருஷத்துல நான் செஞ்ச ஒரு காரியமாவது இந்த ஊர்ல ஏதோ ஒண்ணை மாத்தியிருக்குன்னு நினைச்சேன். அதுவும் இல்லை."

இல்லை க்ளென், அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சொன்னது உண்மை.