கழுத்து ஸ்டெப்

துடியலூர் கல்யாண மண்டபம் ஒன்றில் டிரைபல் பெல்லி டான்ஸ் பயிற்சி நடக்கிறது. முன்னால் நிற்பவர் செய்வதை மற்றவர்கள் அப்படியே செய்ய வேண்டும் என்கிறார் புனேயிலிருந்து வந்திருக்கும் ஆசிரியை. நான் கடைசி வரிசையில் நிம்மதியாக ஒளிந்திருக்கிறேன். மேளம் சூடு பிடித்ததும், "எல்லோரும் பின்னால் திரும்புங்கள்" என்கிறார். இப்போது நான்தான் முதல் ஆள். கற்றது எல்லாம் மறந்துவிடுகிறது.

"ஏனுங்க அம்மணி, எதையாச்சும் ஆடுங்க. நாங்க கூடவே வாரோமுங்க" என்கிறார் எனக்குப் பின்னால் நிற்கும் உள்ளூர் நர்ஸ் சரோஜா.

அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் கொசு கடிக்கிறது. பட்டென்று அடிக்கிறேன். பின்னால் அத்தனை பேரும் பட்டென்று அடிக்கிறார்கள். பயம் போய்விடுகிறது. இடுப்பை ஒரு வெட்டு வெட்டுகிறேன். மண்டபமே வெட்டுகிறது.

மேளம் நின்றதும் சரோஜா மூச்சிரைக்கக் கேட்கிறார்: "அந்தக் கழுத்து ஸ்டெப்புக்குப் பேரு என்னங்க?"

"கொசுங்க."

"சூப்பருங்க. இன்னொருக்கா போடலாமுங்களா?"