பேச்சியம்மாளின் மாட்டுப்பட்டியில் நின்ற குதிரை

நுவரெலியா ஏரிக்கரையில் போய் நின்று, குதிரைக்கார மூக்கன் யார் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள், மூக்கனைத் தெரியாத ஆளும் உண்டா என்று. கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், கண்காணிக்கிற கண்டாக்கு ஐயா முன்னால் கைகட்டி நிற்க மாட்டேன் என்று, மீசை முளைக்கும் முன்பே ரேஸ் மைதானத்துக்கு ஓடினார். அங்கே குதிரை லத்தி அள்ளினார். கடிக்கிற குதிரை, உதைக்கிற குதிரை என்று மற்றவர்கள் ஒதுக்கியதையெல்லாம் தன் கையில் வாங்கிப் பழக்கினார். யார் காலையும் பிடிக்காமல் சொந்தமாகக் குதிரை வாங்கி ஏரிக்கரையில் சவாரி விட்டார். கொழும்பிலிருந்து பெரிய காரில் வருகிறவர்கள்கூட, மூக்கன் குதிரை வரட்டும் என்று காத்திருந்து ஏறினார்கள். இதையெல்லாம் மூக்கனே நாலு பேரிடம் சொல்லுவார். சொன்னால் என்ன, உள்ளதுதானே.

ஆனால் அவருடைய பெருமைக்கெல்லாம் தலைப்பெருமை பவுனுதான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செம்மண் நிறக் குதிரை. அவளைத் தப்பு மேளத்துக்கு ஆடப் பழக்கினார். இந்த மலைநாட்டில் வேறு எவனும் செய்யாத வேலை அது. தகர டின்னில், சாமி ஊர்வலத்துக்கு அடிக்கிற சாமி அடியைத் தட்டுவார். அவள் முன்னங்காலை நெஞ்சுவரை மடக்கித் தூக்கி, தாளம் விழும் இடத்தில் ஊன்றுவாள். பிறகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுவாள். முடிந்ததும் மூக்கன் மடியிலிருந்து ஒரு கரட் கிழங்கை எடுத்து நீட்டுவார். வருசா வருசம் தோட்டத்து மாரியம்மன் தேருக்கு முன்னால் பவுனு ஆடிப் போகும்போது, அன்றைக்கு ஓடிப்போன பயல்தான் இவன் என்று ஒரு வாய் பேசாது.

போன சித்திரையில், மழை பெய்த ஒரு நாள், ஏரிக்கரைச் சேற்றில் பவுனுவின் கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே தசைநார் கிழிந்துவிட்டது. கண்டியிலிருந்து மிருக வைத்தியர், டாக்டர் நோனா என்று எல்லோரும் கூப்பிடும் அம்மா, வந்து அறுவைச் சிகிச்சை செய்தார்.

"இனி இவளுடைய வேலை நிற்பது மட்டும்தான்," என்றார். "தட்டையான தரையில் மெதுவாக நடத்தலாம். குதிக்கக் கூடாது, திரும்பிச் சுழலக் கூடாது. இன்னொரு முறை கிழிந்தால் தைக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது. பிறகு நான் வருவது கடைசி ஊசி போடத்தான்."

அது நுவரெலியாவில் ஆட்கள் குவிகிற சீசன் நேரம். ரேஸ் மைதானம் முழுக்க ஒலிபெருக்கியும் மோட்டார் சைக்கிளும். பவுனு ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளினாள். மூக்கன் யோசித்துப் பார்த்தார். அமைதியான இடம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். லொறியை ஆமை வேகத்தில் ஓட்டச் சொல்லி, பிறந்த தோட்டத்துக்கே அவளைக் கொண்டு வந்தார்.

இடம் கொடுத்தது பேச்சியம்மா. ஆயுசு பூராவும் கொழுந்து பறித்து, மாடு ஒன்றை வளர்த்து, அதையும் விற்றுவிட்டுத் தனியாக இருந்த கிழவி. லயத்துக் கடைசியில் அவளுடைய மாட்டுப்பட்டி காலியாகக் கிடந்தது.

"ஊரையே வாங்கப் போறேன்னு ஓடுன பய, கடைசில ஏம் பட்டிக்குத்தான வந்த," என்றாள் பேச்சியம்மா.

"உங்க பட்டிக்கு ராசி, அக்கா. மூக்கன் குதிரை நின்ன பட்டின்னு பேரு கெடைக்குமில்ல."

"கிழிச்ச. மொதல்ல சாணியக் கூட்டு."

மூக்கன் தரையைச் சமன் செய்து மரத்தூள் பரப்பினார். காலையில் கட்டை அவிழ்த்து, காலைத் தடவி வீக்கம் பார்ப்பார். பஞ்சை ஒரே கனத்தில் சுற்றி மறுபடி கட்டுவார். பாரம் தாங்குகிற நல்ல காலுக்கும் ஒரு கட்டு. பிறகு லயத்து வாசலோரம் நடை. பேச்சியம்மா கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டிய தன் பழைய படங்குச் சாக்கைக் குதிரை முதுகில் போர்த்திவிட்டாள். தன் பாத்தியில் கரட் பிடுங்கி, சீவி, தவிட்டோடு வாளியில் வைப்பாள். ஆட்டத்தை நினைத்துவிடக் கூடாதே என்று மூக்கன் மடியில் கரட் வைப்பதையே விட்டிருந்தார்.

"ஏய் பவுனு," என்பாள் கிழவி, "நா செத்துப் போறப்ப நம்ம லயத்து அழகன் தப்படிப்பான். நீ முன்னால ஆடிக்கிட்டு வரணும். இவன் வரலேன்னாலும் பரவால்ல."

பவுனு நொண்டாமல் நடக்கத் தொடங்கிய வாரம், பேச்சியம்மா அடுப்படியில் சாய்ந்தவள் எழும்பவில்லை.

ஒப்பாரி கேட்டதும் மூக்கன் அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே அவருக்கு வேறொன்று உறைத்தது. புதைகாட்டுக்குப் போகிற பாதை பட்டியை ஒட்டித்தான் போகிறது. தப்பு அடித்துக்கொண்டுதான் பிணம் போகும். அமைதியான இடம் என்று தேடி வந்தவர் இதை எப்படி மறந்தார்? இந்த லயத்தில் பிறந்து, எத்தனையோ சாவு பார்த்தவர். லொறியில் ஏற்றினால் வளைவுகளில் கால் தாங்காது. மேட்டில் நடத்திப் போகவும் முடியாது. டாக்டர் நோனா மறுநாள் காலையில்தான் போனில் கிடைத்தார். மயக்க ஊசி போட வருகிறேன், பொழுது சாயும் முன் வந்துவிடுவேன் என்றார். பிணம் எடுப்பதோ அன்று பின்னேரம் மூன்று மணிக்கு.

மூக்கன் சாவு வீட்டுக்கு நடந்தார். யாரிடமும் போய் நில்லாத மனுசன். வாசலில் அழகன் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். கொழும்பில் கடைவேலை பார்க்கும் பேச்சியம்மாவின் மகன் கணேசமூர்த்தி இரவே வந்து சேர்ந்திருந்தான்; அவன் மொட்டைத் தலையோடு எழுந்து வந்தான்.

"வாங்க மாமா. அம்மா போன்ல எந்நேரமும் ஒங்க குதிரை பேச்சுத்தான்."

மூக்கன் பட்டியைக் கை காட்டினார். "தப்பு..." என்றார்.

கணேசமூர்த்தி பட்டிப் பக்கம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா கேட்டது அது ஒண்ணுதான் மாமா. ஆனா நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நிப்பாட்டிர்றேன்."

அவன் மறுத்திருந்தால் மூக்கன் சண்டை போட்டிருப்பார். இப்படி முடிவை இவர் கையில் கொடுத்துவிட்டானே.

"நிப்பாட்டவா?" என்றார். "குதிரைக்காக அக்காவ ஊமையா அனுப்புனான் மூக்கன்னு நாளைக்குப் பேசவா? அடிங்க. மூக்கன் புடிச்சா குதிரை அசையாது."

அழகன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, பவுனுவுக்குத் தெரிஞ்சது சாமி அடிதான். நா சாவு அடி மட்டும் அடிக்கிறேன். அதுக்கு ஆட அவளுக்குத் தெரியாதில்ல."

அந்த ஒரு நம்பிக்கையோடு மூக்கன் பட்டிக்குத் திரும்பினார். பவுனுவின் காதுகளில் கட்டுப் பஞ்சை வைத்தார். கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தப்பு எழுந்தது. நிதானமான, கனத்த அடி. பவுனு காதை அசைத்தாள். தாளத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. காலைத் தூக்கவில்லை. பிணம் பட்டியைக் கடந்தது. போய்ட்டு வாங்க அக்கா, என்று மூக்கன் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் கீழ் வளைவில் லிந்துலை உறவுக்காரர்கள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். பேரன் பேத்தி கண்ட கிழவியை ஆட்டமும் பாட்டமுமாக அனுப்புவதுதானே முறை. அவர்கள் கொண்டு வந்த தப்புகளில் சாமி அடியை எடுத்தார்கள். அழகன் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அது மலை முழுக்க ஏறிவிட்டது.

பவுனுவின் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது.

"வேணாம் தாயி. வேணாம்டி." மூக்கன் தோளால் அவளைச் சுவரோடு அழுத்தினார். அறுபதைத் தாண்டிய தோள். அவள் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. கட்டுப் போட்ட காலை நெஞ்சுவரை மடக்கித் தூக்கினாள். தாளம் விழுந்த இடத்தில் சரியாக ஊன்றினாள். இரண்டாவது தரமும் ஊன்றினாள். பிறகு அவர் பழக்கியபடியே சுற்றுவதற்குத் திரும்பினாள். அந்தக் கால் திரும்பவில்லை.

தப்புச் சத்தம் புதைகாட்டுப் பக்கம் இறங்கிப் போனது. பவுனு காலைத் தரையில் வைக்க முடியாமல் தொங்கவிட்டு நின்றாள். மேலெல்லாம் வியர்வை. ஆனாலும் மூக்கை நீட்டி அவர் மடியைத் துழாவினாள். மடி வெறுமையாக இருந்தது. அவள் மறுபடி துழாவினாள்.

புதைத்துவிட்டுத் திரும்பியவர்களில் கணேசமூர்த்தி மட்டும் பட்டிப் பக்கம் வந்தான். மூக்கன் கதவை மறைத்து நின்றுகொண்டார்.

"மாமா, லிந்துலைக்காரங்க தெரியாம... பவுனு ஆடுனாளா?"

"அசையல," என்றார் மூக்கன். "நாந்தான் புடிச்சிருந்தேன்ல."

கணேசமூர்த்தியின் முகம் இளகியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாளைக்கு அவனுக்கும் தெரியத்தான் போகிறது. இன்றைக்கு அம்மாவுக்கு மட்டும் அழுதுவிட்டுப் போகட்டும்.

"ஒங்கம்மா பாத்தியில ஒரு கரட்டு புடுங்கிக் குடு. பெறகு போயிக் குளி."

அவன் மண்ணோடு பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். மூக்கன் அதை வேட்டியில் துடைத்து, மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனார். அவளாகவே எடுத்துக்கொள்ளட்டும் என்று அருகில் நின்றார்.

அவள் கடித்துத் தின்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, டாக்டர் நோனாவின் வாகனம் வளைவில் ஏறி வந்தது.