கட்சிக்காரர் கேட்ட முதல் கேள்வி

“குண்டு விழுந்த அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள், ஐயா?”

சின்னையா பிரக்கிராசியாரிடம் என் தம்பி கேட்ட முதல் கேள்வி இது. மரியாதையான கேள்வி அல்ல. பக்கத்தில் இருந்த எனக்கு உடம்பு கூசியது. போன வெள்ளிக்கிழமை அதே தம்பி சைக்கிளை என் படலையில் சாத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றான். “அக்கா, பிரக்கிராசியார் போயிட்டார்” என்றான். செத்தவீட்டுச் செய்தி சொல்லத்தான் வந்திருந்தான்.

கடன் கட்ட முடியாமல் முறிந்துபோனவர்களின் வங்குரோத்து வழக்கென்றால், நம் ஊரில் அவர்தான் வக்கீல். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வழக்கமும் தெரிந்திருக்கும். புதிதாக வருபவரிடம் அவர் எதுவும் கேட்கமாட்டார். “முதல் நீங்கள் என்னைக் கேளுங்கோ. என்னவும் கேக்கலாம். பொய் சொல்லமாட்டன்” என்பார்.

வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பின்னொரு நாள் அவரே காரணம் சொன்னார். “டீச்சர், உடைஞ்சுபோய் வாற மனுசனைக் கடன் குடுத்தவை, மச்சான்மார், சொந்த மனுசி எல்லாரும் கேட்டு முடிச்சிருப்பினம். நானும் கேட்டால், அவைக்குச் சொன்ன பதிலைத்தான் எனக்கும் சொல்லுவார்.”

ஓர் உதாரணம். கிண்ணியாவிலிருந்து வந்த நெல் வியாபாரி ஒருவர், “உங்கட மனுசி உங்களை நம்புறாவோ?” என்று கேட்டாராம். “வழக்கில நம்புவா. மீன் வாங்க மட்டும் விடமாட்டா” என்றாராம் இவர். வியாபாரி வாய்விட்டுச் சிரித்த பிறகுதான் தன் கதையைத் தொடங்கினார்.

என் தம்பி சிரிக்கும் நிலையில் இருக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கென்று கொழும்பிலிருந்து கடனுக்குப் புடவை இறக்கி, துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையை நிரப்பியிருந்தான். வருடம் பிறக்குமுன் குண்டு போட எதிரி விமானங்கள் வந்தன. ஊரே ஓடியது. திரும்பி வந்தபோது கடை உடைந்து கிடந்தது. எல்லாம் களவு போனதென்றே எனக்கும் சொல்லியிருந்தான்.

அந்தக் கேள்விக்குப் பிரக்கிராசியார் கோபிக்கவில்லை. “ஓடினனான், தம்பி. இங்கையிருந்து குச்சவெளி மட்டும் ஓடினனான். கட்சிக்காரற்ற காணி உறுதியெல்லாம் அலுமாரிக்குள்ள. நான் தூக்கிக்கொண்டு ஓடினது கோழிக்கூடு.”

“கோழிக்கூடோ?”

“ஓம். உள்ளுக்குக் கோழியும் இல்லை. குச்சவெளியிலதான் பார்த்தனான்.”

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டான். “ஐயா, எல்லாம் களவு போகேல்லை. நிலாவெளியில, பெரியம்மா வீட்டில, மிச்சப் புடவைக் கட்டுகளை ஒளிச்சு வச்சிருக்கிறன்.”

அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. “இதைக் கோட்டில சொல்லவேணும். சொன்னால் புடவை கடன் குடுத்தவைக்குப் போகும். சொல்லாமல் பிடிபட்டால் கம்பி எண்ண மறியலுக்கு நீங்கள் போவீங்கள். உங்களுக்கு எது வேணும்?”

“பிள்ளையளுக்கு மிச்சம் ஒண்டும் இராதே, ஐயா.”

“நீங்கள் இருப்பீங்கள்தானே.”

அடுத்த நாள் தம்பியோடு அவரும் நிலாவெளிக்குப் போனார். தனியே அனுப்பினால் பாதி வழியில் மனம் மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். கட்டுகளை வண்டியில் ஏற்றும்போது, கறுப்புக் கோட்டோடு ஒரு பக்கத்தைத் தானும் பிடித்தாராம். வழக்கு முடிந்தது. புடவை போயிற்று. தம்பி இன்று ஒரு கூப்பன் கடையில் பங்கீட்டு அரிசி நிறுக்கிறான். மாலையில் பிள்ளைகளிடம் வருகிறான்.

முதல் நாள் நாங்கள் எழும்பியபோது, “டீச்சர், நீங்களும் ஒண்டு கேக்கலாம்” என்றார் அவர். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். “இருக்கட்டும். தேவைப்படேக்க வாங்கோ.” அந்த வீதியால் போகும்போதெல்லாம், குண்டுக்குப் பயந்து கடதாசி ஒட்டிய அவருடைய யன்னல் கண்ணாடியைப் பார்த்து, இன்னொரு நாள் கேட்கலாம் என்று நடந்துவிடுவேன். இப்போது கேட்க எத்தனையோ இருக்கின்றன. யன்னல் பூட்டியிருக்கிறது.

செத்தவீட்டில் குசினிக்குப் பின்னால் ஒரு பழைய கோழிக்கூடு கிடந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவருடைய மனைவி அருகில் வந்தார். “இதைத்தான், டீச்சர், குச்சவெளி மட்டும் சுமந்தவர். எறியவும் விடேல்லை” என்று சொல்லிவிட்டு அழுதார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் எனக்கென்று விட்டுவைத்த அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்க எனக்கு இனி இடமில்லை. நீங்கள் ஒன்று செய்து பாருங்கள்: நொந்துபோன ஒருவர் உங்களிடம் வந்தால், கதிரையைக் கொடுத்து, முதல் கேள்வியை அவரைக் கேட்கவிடுங்கள்.