பஸ் ஆடிய ஆட்டம்

அந்தப் பையை அந்தம்மா கையால் தொடவே இல்லை. காலால்தான் இழுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலைப் பையின் பிடிக்குள் நுழைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் நகர்த்தினார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரங்களை வேடிக்கை பார்ப்பவர் போலத்தான் யாருக்கும் தோன்றும்.

நான் நடைவழிக்கு அந்தப் பக்கம், ஒரு வரிசை பின்னால் இருந்தேன். அதனால் முகம் திரும்பியிருந்ததும் எனக்குத் தெரிந்தது, கால் செய்ததும் தெரிந்தது.

ஓசூரிலிருந்து கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை போகிற சாயங்கால பஸ் அது. முதல் ஷிப்ட் விட்ட கூட்டம். சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு வேலை. கணவருக்குக் கெலமங்கலம் பக்கத்தில் ஒரு பூப் பண்ணையில் வேலை என்பதால் வீடு அங்கே. தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வந்து வருஷங்கள் ஆகியும், நான் வாயைத் திறந்தால் இன்னும் “எந்த ஊரு நீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அது எனக்கு ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது.

பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். கெலமங்கலம் கடைவீதியில் வளையல், கிளிப், பொட்டு விற்கிற ஃபேன்சி ஸ்டோர் அவருடையது. சரக்கு எடுக்க ஓசூர் வந்தால் இந்த பஸ்ஸில்தான் திரும்புவார். அப்படித்தான் பழக்கம். பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ். கடைக்கு வருகிறவர்களோடு தெலுங்கும் கன்னடமும் தாராளமாக வரும். பெங்களூர் மொத்தக் கடைகளில் பேரம் பேசிப் பேசி இந்தியும் ஓரளவு பழகியிருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார், சிரிக்க வைப்பார். தைரியசாலி என்று அவரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரோட்டைக் கடக்கவே என் கையைப் பிடித்துக்கொள்கிறவர்.

பை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தம்மாவுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவருடையது. ஓசூரில் ஏறும்போதே கண்டக்டரிடம், “அஞ்செட்டி போகணுங்க, கோட்டையில கடைசி பஸ்ஸு கெடைக்குமா?” என்று இரண்டு முறை கேட்டவர். ஜவுளிக்கடைப் பை அது. மடியில் வைத்துத் திறந்து பார்த்தார், மூடினார், திரும்பவும் திறந்து பார்த்தார். அப்புறம் சீட்டுக்கு அடியில் பத்திரமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். அந்தம்மா மத்திகிரியில் ஏறியவர். நல்ல புடவை, கழுத்தில் தடிமனான சங்கிலி, கையில் காய்கறிப் பையும் தோள்பையும். இரண்டையும் பக்கத்து சீட்டில் வைத்திருந்தார்.

இப்போது மூன்றாவது பை அவர் சீட்டுக்கு அடியில் வந்து நின்றுவிட்டது. புடவைக் கொசுவம் அதன் மேல் விழுந்து மூடியது.

நான் அக்காவின் கையை அழுத்தினேன்.

“பாத்துட்டுதான் இருக்கேன்” என்றார், உதடு அசையாமல்.

“சொல்லிடலாமாக்கா?”

“இரு.”

என் மனசு என்னென்னவோ காரணம் தேடியது. ஒருவேளை தெரிந்தவர்களோ? இல்லை. ‘என் பைதான்’ என்று அவர் சாதித்தால்? சங்கிலி போட்ட அந்தம்மாவை நம்புவார்களா, வெளியூர்த் தமிழ் பேசுகிற என்னை நம்புவார்களா? பெரியவரைத் தட்டி எழுப்பி, “பையப் பாத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னால் என்ன? இவ்வளவு யோசிக்கிற நேரத்தில் அதைச் செய்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அக்கா “இரு” என்று சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அவருக்கும் பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதும் பெரியவர் விழித்துக்கொண்டார். குனிந்து கையால் துழாவினார். எழுந்து நின்றார்.

“என் பைய… என் பையக் காணோமே!”

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “என்ன பை? எங்க வச்சீங்க?”

“இங்கதாங்க, சீட்டுக்கு அடியில. துணிப் பைங்க.”

பெரியவரின் சீட்டை ஒட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். வடக்கேயிருந்து கிரானைட் பட்டறை வேலைக்கு வந்தவர் என்பது தலைமுடியில் படிந்திருந்த வெள்ளைத் தூசியிலேயே தெரிந்தது. முதுகில் ஒரு பெரிய பை.

கம்பெனிச் சீருடை போட்ட ஒருவன் முன்னாலிருந்து குரல் கொடுத்தான். “இந்த ஹிந்திக்காரன்தான் அங்கயே நின்னுட்டு இருக்கான். அவன் பேகத் தொறந்து பாருங்க சார்.”

சொன்னதோடு நிற்காமல் எழுந்து வந்தான். “ஏய், பேகத் தொற!”

அந்த ஆளுக்குப் புரியவில்லை. யாரோ பையைப் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து வாரை இறுக்கிப் பிடித்தார். அவ்வளவுதான், எல்லாருக்கும் அதுவே சாட்சியாகிவிட்டது. “பாரு, குடுக்க மாட்டேங்கறான்!” என்றது ஒரு குரல். “வண்டிய ஓரங்கட்டுங்கப்பா” என்றது இன்னொன்று. சீருடைக்காரன் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான். மேல் பட்டன் தெறித்துக் கீழே விழுந்தது.

அப்போது அந்தம்மா முகத்தைத் திருப்பி, “நல்லாப் பாருங்க. பெரியவரு பாவம்” என்றார்.

நான் எழுந்தே விட்டேன். வாயைத் திறப்பதற்குள் என்னைத் தாண்டிக்கொண்டு அக்கா நடைவழிக்கு வந்துவிட்டார்.

“கொஞ்சம் வழி விடுங்க” என்றார். கடையில் கூட்டத்தை ஒதுக்குகிற அதே குரல்தான். நேராக அந்தம்மாவின் சீட்டுக்குப் போய்க் குனிந்தார். புடவையை லேசாக ஒதுக்கி, ஜவுளிக்கடைப் பையை வெளியே எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

“இந்தாங்கண்ணா, உங்க பை. பஸ்ஸு ஆடுன ஆட்டத்துல பின்னாடி நகந்து வந்துடுச்சு.”

யாரோ சிரித்தார்கள். “இந்த வண்டியில பை மட்டுமா நகரும், நம்மளே நகந்துடுவோம்” என்றார் கண்டக்டர். பெரியவர் பையை வாங்கி உள்ளே பார்த்தார். மஞ்சள் கரை வைத்த பச்சைப் புடவை. “பொண்ணுக்குங்க. வளைகாப்பு” என்று யாரும் கேட்காமலே சொன்னார். அந்தம்மா அசையவில்லை. கால் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். சீருடைக்காரன் காலரை விட்டுவிட்டு, தன் இடத்துக்குப் போய் மொபைலை எடுத்துக்கொண்டான். அக்கா மட்டும் அங்கேயே நின்றார்.

“தம்பி, உங்களத்தான்.”

“என்னக்கா?”

“அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

“எதுக்கு? சந்தேகம் வந்துச்சு, கேட்டோம். அதான் பை கெடச்சிடுச்சே.”

“பை தானா நகந்து வந்துச்சு. உங்க கையும் தானா நகந்துதான் அவரு கழுத்துக்குப் போச்சா?”

அவன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். தலையை மூடியிருந்த முக்காட்டில் பார்வை நின்றது.

“ஏன், உங்களுக்குச் சொந்தக்காரனா?”

“இல்லப்பா. அவரும் சொந்தமில்ல, நீயும் சொந்தமில்ல. அதான் ரெண்டு பேருக்கும் பொதுவாப் பேசறேன்.”

குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. அவன் பதில் சொல்வதற்குள், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த பெரியவர் அந்த வடக்கத்தி ஆளின் கையைப் பிடித்தார். “தப்பா எடுத்துக்காதப்பா. என்னாலதான். கெழவன், கண்ணு சரியாத் தெரியல” என்றார். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பிடி புரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் தலையை ஆட்டினார். அதைப் பார்த்த பிறகு சீருடைக்காரனால் மொபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து வந்து, “சாரி, பையா” என்றான், இந்தியில் அண்ணா என்று கூப்பிட்டு. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னான்.

நடந்தது என்ன என்று அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில் அந்த ஆளுக்கு விளக்கினார். கேட்டு முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். முதுகுப் பையை இறக்கி, தானே ஜிப்பைத் திறந்து, சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினார். ஒரு போர்வை, ஒரு தட்டு, பாதி தின்ற ரஸ்க் பாக்கெட். யாருக்கும் பார்க்கத் தைரியம் இல்லை. அக்கா குனிந்து அந்த ஜிப்பை மூடிவிட்டார்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. அந்தம்மாவிடம் காய்கறிப் பையை எடுக்கச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். அந்தம்மா ஏதோ கேட்டார். அக்கா திரும்பவும் சொன்னதையே சொன்னதுபோல இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் அந்தம்மா இறங்கிவிட்டார். தைல மரத் தோப்பும் ஒரு மண் பாதையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவர் இறங்க வேண்டிய இடம் அதுவாக இருக்காது.

கெலமங்கலத்தில் இறங்கி, சரக்குப் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க்கா அவங்கள விட்டீங்க? ‘நல்லாப் பாருங்க’ன்னு வேற சொன்னாங்களே! அவங்கதான்னு சொல்லியிருந்தா அந்த ஆளு மேல இருந்த பழி சுத்தமாப் போயிருக்கும்ல?”

“போயிருக்கும். அவரு காலர்ல இருந்த கை அந்தம்மா கொண்டைக்குப் போயிருக்கும். வீடியோ எடுத்திருப்பாங்க. ஸ்டேஷனுக்கு வண்டிய விட்டிருந்தா பெரியவருக்கு அஞ்செட்டி பஸ்ஸும் போயிருக்கும்.”

“அப்ப தெலுங்குல என்ன சொன்னீங்க?”

“நான் பாத்தேன்னு சொன்னேன். எந்தப் பையின்னு கேட்டாங்க. நான் பாத்தேன்னு திரும்பவும் சொன்னேன். அவ்ளோதான். அத அவங்ககிட்ட சொல்லாம இருந்தா, பை தானா நகந்துச்சுன்னு நான் சொன்னது வெறும் பொய்யாப் போயிடும் இல்ல?”

“மொதல்லயே ஏன் இருன்னீங்க?”

அக்கா சரக்குப் பையின் பிடியைக் கை மாற்றிக்கொண்டார். “என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. தேடிக்கிட்டே இருந்தேன். அந்தப் பையன் காலரப் புடிச்சானே, அப்பதான் வாயில வந்துச்சு.”

வீட்டில் என் கணவரிடம் மட்டும் பின்னால் இதைச் சொன்னேன். அந்தம்மா நாளைக்கு இன்னொரு பஸ்ஸில் இதையேதான் செய்வார், அக்கா செய்தது தப்பு என்றார் அவர். இருக்கலாம். நான் வாதாடவில்லை. ஆனால் திருட்டைப் பார்த்தவர் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று நான் இரண்டே வழியை வைத்துக்கொண்டு தவித்த அந்த நேரத்தில், அக்கா யாரிடம் எதை, எவ்வளவு சொல்வது என்று யோசித்திருக்கிறார். பெரியவருக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று, அந்தம்மாவின் காதுக்கு மட்டும் ஒன்று. பொய் சொன்னார் என்றால் ஆமாம், ஒன்றே ஒன்று சொன்னார். அந்தப் பொய்யால் பஸ்ஸில் யாருக்கும் அடி விழவில்லை. எனக்கு வராத தமிழ் அது.

அன்று கடை வாசலில் சரக்குப் பையை இறக்கி வைத்தோம். அக்கா சாவியை எடுத்தார். பூட்டின் ஓட்டையில் அது போகவே இல்லை. மூன்று முறை குத்திப் பார்த்தார். நான் வாங்கித் திறந்து ஷட்டரைத் தூக்கிவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டிலில் இருந்த தண்ணீரை முழுவதும் குடித்தார். கன்னத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

“இத கடைவீதியில யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத. அந்தம்மா இந்தப் பக்கத்து ஆளாத்தான் இருப்பாங்க. நாளைக்கு ஒரு பொட்டு வாங்கவாவது என் கடைக்கு வர முடியணும் இல்ல.”