பச்சைமலை உச்சியில் கம்பம் பிடித்தவர்

1. ஆள் இருக்கான்ல

பாலிடெக்னிக் முடித்துவிட்டு சர்வே வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மலை ஏறப் பயமா இல்லையாக்கா?" என்பதுதான். மலை என்னை ஒன்றும் செய்ததில்லை. ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு மலை உச்சிக்கு உத்தரவு போட்ட ஒருவர் செய்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலையில் ஆள் நடமாட்டமில்லாத இரண்டு உச்சிகள், இடையில் ஒரு பள்ளம். ஒரு உச்சியில் நான் தியோடலைட்டை நிறுத்திக் கோணம் அளக்க வேண்டும். எதிர் உச்சியில் இரும்புக் கம்பத்தில் கொடி கட்டி நேராக நிறுத்தியிருப்பார்கள். அதுதான் எனக்குக் குறி. எங்களிடம் ஒயர்லெஸ் கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைத் திருப்பிக் காட்டுவோம். ஒரு முறை அடித்தால் 'தயார்', மூன்று முறை அடித்தால் 'இறங்கு'. மூன்று முறை அடிக்காமல் கம்பத்துக்காரர் இறங்கக் கூடாது.

அது கத்திரி நேரம். காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மதியம் சாய்ந்தால் மேகம் திரண்டு இடி இறங்கும். அடிவாரத்தில் எங்கள் என்ஜினீயரிடம் மூன்று விஷயம் சொன்னேன்.

அ) எதிர் உச்சி மொட்டைப் பாறை, குழி எடுக்க முடியாது. கம்பத்தைச் சுற்றிக் கல் அடுக்கி நிறுத்திவிட்டு ஆள் கீழே ஒதுங்கட்டும்.

ஆ) வெயில் போனால் கண்ணாடி வேலை செய்யாது. ஆகவே வெயில் போனாலே 'இறங்கு' என்று வைத்துக்கொள்வோம்.

இ) மதியத்துக்கு மேல் உச்சியில் யாரும் வேண்டாம்.

அவர் ஜீப்பில் காலை நீட்டி வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்.

"கல்லு அடுக்க அர நாள் போயிடும். அதான் ஆள் இருக்கான்ல, கல்லு எதுக்கு? வெயில் போனா எறங்கலாம்னா ஒவ்வொரு மேகத்துக்கும் எறங்கி ஏறிக்கிட்டே இருப்பான். பொம்பளப் புள்ள மல ஏறுறதே பெருசு, இதுல யோசன வேறயா?"

கம்பம் பிடிக்க வேண்டியவர் செல்லமுத்து. எறையூர்க்காரர். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் எங்களிடம் அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேனாகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவரைப் பார்த்து என்ஜினீயர் விரலை ஆட்டினார்.

"கண்ணாடி மூணு தடவ அடிக்காம கம்பத்த உட்ட, நாளைக்கு வேலைக்கு வராத."

"சரிங்க சார்."

2. தலைகீழாகத் தெரிந்தவர்

என்னோடு ஏறியவர் வரதராஜன்பேட்டை அந்தோணி அண்ணன். கருவிப் பெட்டி அவர் முதுகில் இருந்தது.

"ஏம்மா, என்ஜினீயர் சாரும் இதுக்குள்ள உக்காந்திருக்காரா? இந்தக் கனம் கனக்குது!"

"அவரா இருந்தா பாதி வழியிலேயே எறக்கி வைக்கச் சொல்லியிருப்பேன்ணே."

பாதி அளவு முடியும்வரை வெயில் இருந்தது. பிறகு காற்று சட்டென்று நின்றது. தென்மேற்கில் கறுப்பாக ஒன்று எழுந்து எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை எடுத்தேன். அதில் என் முகம்தான் தெரிந்தது. திருப்பிக் காட்ட வெயில் இல்லை.

அந்தோணி அண்ணன் துண்டை வீசினார், கத்தினார். அவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் எட்டாது. தொலைநோக்கியில் பார்த்தேன். எங்கள் பழைய கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். செல்லமுத்து தரையிலிருந்து தொங்குகிறவர் போலத் தெரிந்தார். கருமேகம் அவருக்குக் கீழே கிடந்தது. இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காகக் காத்திருந்தார்.

தூரத்தில் முதல் மின்னல் இறங்கியது.

"நம்ம போய்த்தான் எறக்கணும்ணே" என்றேன். கருவியைப் பாறை இடுக்கில் வைத்து மூடிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினோம். எதிர் மலையில் ஏறத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பாதி ஏறியிருப்போம், உச்சியில் ஒரு வெள்ளை வெளிச்சம். கூடவே இடி. காலடியில் பாறை அதிர்ந்தது. அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே செல்லமுத்து மழையில் உட்கார்ந்திருந்தார். வலக்கை வெந்திருந்தது, இடக்காதிலிருந்து ரத்தம். கூப்பிட்டேன், கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் ஊருக்கே கேட்கிற குரலில் கத்தினார்.

"கண்ணாடி அடிச்சீங்களாம்மா? நான் பாக்கலயே! கம்பம் வண்டு மாதிரி எரஞ்சுச்சு, பயந்து கைய உட்டுட்டேன். அப்பறம் என்னமோ தூக்கி அடிச்சிருச்சு. கம்பத்த உட்டதச் சார்கிட்டச் சொல்லிராதீங்கம்மா!"

கையை விட்டதால்தான் உயிரோடு இருக்கிறார். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

3. ஜீப்படியில்

அந்தோணி அண்ணனும் வந்து சேர, ஆளுக்கொரு தோள் கொடுத்து இறக்கிக்கொண்டு வந்தோம். ஜீப்பின் படுதா இறங்கியிருந்தது. என்ஜினீயர் அதை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"அளவு முடிஞ்சுதா? கம்பம் எங்க?"

நான் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"மேல கெடக்கு சார். வேணும்னா நீங்க போய்ப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் கண்ணாடி காட்டுறேன்."

அவர் வாய் திறப்பதற்குள் அந்தோணி அண்ணன் முன்கதவைத் திறந்தார். "சார், கொஞ்சம் எறங்குங்க. ஆள உக்கார வைக்கணும்." என்ஜினீயர் மழையில் இறங்கினார். பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஜீப் நேரே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனது.

செல்லமுத்துவுக்குக் கை ஆறியது. வலக்காது மெல்லத் திரும்பியது. இடக்காது திரும்பவில்லை. என்ஜினீயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மெமோ வந்தது: உத்தரவில்லாமல் வேலையிடத்தை விட்டு இறங்கியது ஏன்? பதில் எழுதினேன்: "வெயில் இல்லை." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வானம் தெளிந்த ஒரு காலையில் நானும் அந்தோணி அண்ணனும் அந்த மொட்டைப் பாறையில் ஏறினோம். கம்பத்தை நிமிர்த்திச் சுற்றிலும் கல் அடுக்கினோம். அரை நாள் போய்விடும் என்றாரே, வெயில் சூடேறுவதற்குள் முடிந்துவிட்டது. கம்பம் அசையவில்லை. எதிர் உச்சிக்குப் போய்த் தொலைநோக்கியில் பார்த்தபோது கொடி மட்டும் தலைகீழாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

செல்லமுத்து இப்போது அரியலூர் ஆபீசில் வாசல் பார்க்கிறார். அவரிடம் பேசுவதானால் வலப்பக்கம் போய் நின்று பேசுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரை உச்சியில் நிறுத்துவதற்கு முன், மேகம் ஏறும்போது அவரை இறங்கச் சொல்ல உங்கள் கையில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல் அடுக்குங்கள். அரை நாள் போனால் போகட்டும்.