மடிக்கிற போனும் இரண்டு மீசைகளும்

வெங்கடேசன் கரும்பு லோடின் மேல் ஏறி நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் கரும்பின் காய்ந்த இலை, அந்தச் சோகை, கீறிய கோடுகள். முடிச்சு இறுகியதும் கீழே இறங்கி, டிராக்டரில் தொங்கிய கேனைச் சாய்த்துக் கை கழுவினார். துண்டில் துடைத்தார். விரல்களை ஊதிக் காயவைத்தார். அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்த துணிப்பையை வெளியே எடுத்தார். உள்ளே போன், மடிக்கிற போன். பிறந்த குழந்தையின் கழுத்துக்கு அடியில் கை கொடுக்கிற பக்குவத்தோடு அதைத் தாங்கி, இரண்டு பக்கமும் மெல்ல விரித்தார்.

மணி பார்க்கத்தான். மணி பார்க்க வெளியில் இருக்கும் சின்னத் திரையே போதும். இருந்தாலும் விரித்தார். விரித்த போனில் மணி பெரிதாகத் தெரிந்தது. மனிதருக்கு முகமெல்லாம் பல்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பு, ஒரு டிராக்டர், இரண்டு மாடு, கமலா என்று ஒரு மனைவி, காது வரைக்கும் முறுக்கிவிட்ட மீசை. இவ்வளவுதான் வெங்கடேசன். ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் எது புதிதாக வந்தாலும் முதலில் தன் வீட்டுக்கு வரவேண்டும். சொட்டுநீர்க் குழாயை முதலில் போட்டவர் அவர்தான். எலிகள் முதலில் கடித்ததும் அதைத்தான். விரல் ரேகை வைத்தால் திறக்கிற போனை முதலில் வாங்கினார். சோகை கீறிய விரலை அது ஒருநாளும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கமலாவின் விரலைப் பதித்துவைத்து, திறக்கவேண்டிய போதெல்லாம் அடுப்படிக்கு ஓடினார்.

கமலாவின் தம்பி பூமாலை நேர் எதிர். அவனும் கரும்புக்காரன்தான், பக்கத்து ஊர். மாமா வாங்கியதைத் தூர நின்று பார்ப்பான். இரண்டு வருஷம் கழித்து, அதே சாமானைக் கொஞ்சமும் கோளாறில்லாமல் வாங்கி வந்து நடு வீட்டில் வைப்பான். எலி கடிக்காத குழாயை அவன்தான் கொண்டுவந்தான். அதனால் மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவில் எப்போதும் ஒரே வழக்குதான்: முதலில் செய்தவன் பெரியவனா, ஒழுங்காகச் செய்தவன் பெரியவனா?

மார்கழி தொடக்கத்தில் அந்த வழக்கு சர்க்கரை ஆலை வாசலுக்கு வந்தது. லோடு ஏற்றிய டிராக்டர்களும் மாட்டுவண்டிகளும் எடைமேடைக்கு வரிசையில் நிற்கிற நேரம். வரிசை நகரும்வரை வாய்க்குத்தான் வேலை. வெங்கடேசன் புதுப் போனை விரித்து மூடி, விரித்து மூடி, நாலைந்து பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மடிச்சுட்டான் பாத்தியா கொரியாக்காரன்! உங்க அமெரிக்காக்காரன் இன்னா பண்றான்? வருஷா வருஷம் கேமராவ இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு மாத்தி வெக்கிறான். அதுக்குப் பேரு கண்டுபுடிப்பா?"

பூமாலை தன் அமெரிக்கா போனைத் தொடையில் தட்டினான். "மாமா, எங்க ஆளு யோசிச்சுக்கினு இருக்கான். யோசிக்கிறவன் லேட்டாதான் வருவான். பாயத்தான் ரெண்டா மடிக்கலாம், போன எதுக்கு மடிக்கணும்?"

"ரெண்டா மடிச்சதுக்கே இப்புடியா? சீனாக்காரன் மூணா மடிச்சுட்டானுங்க," என்றான் பின்வண்டிக்காரன் ஒருவன்.

"நீ சும்மா இருடா," என்று இருவரும் ஒரே குரலில் அவனை அடக்கினார்கள்.

"நடுவுல பாரு மாமா, கோடு தெரியுது. துணி மடிச்ச மாதிரி. இந்த கரும்புத் தூசிலயும் சோகையிலயும் இது பொங்கலத் தாண்டாது."

"தாண்டும்டா."

"தாண்டாது."

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கு உன் முன்னாடி தெறந்து மூடறேன். ஒரு கோளாறு இருந்துச்சுன்னா என் மீசய எடுத்துடறேன்!"

பூமாலைக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவனுக்கும் மீசை உண்டு, கொஞ்சம் கம்மி. "அது வரைக்கும் என் போனு ஒரு நாள் மக்கர் பண்ணாகூட என் மீசையும் போவட்டும்!"

மீசை போவது அந்தப் பக்கத்தில் லேசான காரியம் இல்லை. பெற்றவர்கள் செத்தால்தான் எடுப்பார்கள். எடுத்த முகத்தோடு தெருவில் இறங்கினால், யார் போனது என்று ஆள் ஆளுக்குக் கையைப் பிடிப்பார்கள். அதிலும் வெங்கடேசன் பத்தொன்பது வயதில் வளர்த்த மீசை. கமலாவே அது இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. வாய்விட்ட பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் போனுக்கு நடந்த பணிவிடை கொஞ்சநஞ்சமில்லை. துணிப்பை ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை வந்தது. வெட்டு நடக்கும் நாட்களில் போன் வீட்டிலேயே தங்கியது. கமலா சோறு போட்டுவிட்டு, "அதுக்கும் ஒரு உருண்ட புடிச்சு வெக்கவா?" என்று கேட்டாள்.

பொங்கல் வந்தது, போனது. போன் ஆரோக்கியமாக இருந்தது. மாட்டுப் பொங்கல் மத்தியானம் பூமாலை அக்காள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் தன் போனைச் சார்ஜ் போட்டுவிட்டு, மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கக் கொல்லைப் பக்கம் போனான். சாயங்காலம் பூஜை முடிந்ததும் தீர்ப்பு என்று பேச்சு. வெங்கடேசன் டிராக்டருக்குப் பலூன் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனைப் பானெட்டின் மேல் ஒரு துண்டு விரித்து வைத்தார். பலூன் ஒன்று வெடித்தது. இன்னொன்று எடுத்துவர உள்ளே போனார்.

அந்த நேரத்தில்தான் கமலா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் அட்சதையுமாக வந்தாள். நல்ல நாளில் அவள் கை ஓயாது. மாட்டுக்கு வைத்தாள். டிராக்டர் விளக்குக்கு, சக்கரத்துக்கு, மருந்தடிக்கிற மெஷினுக்கு, மோட்டார் ஸ்விட்சுக்கு வைத்தாள். பானெட்டின் மேல் போன் இருந்தது. குங்குமச் சிமிழைத் திறப்பதுபோல் திறந்தாள். இந்தப் பக்கம் மூன்று சந்தனப் பொட்டு, அந்தப் பக்கம் மூன்று. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். புதுசாச்சே என்று நடுவில் நாலு அட்சதை. திருப்தியாக மூடி, நன்றாக ஒரு அழுத்து அழுத்தினாள்.

கறுக் என்றது. கமலா அதைப் போன் போட்ட ஒலி என்றே நினைத்தாள்.

வெங்கடேசன் வந்து விரித்துப் பார்த்தபோது பாதித் திரை கறுப்பு. மீதிப் பாதியில் நெட்டுக்குத்தாக ஒரு பச்சைக் கோடு.

"கமலா! இன்னாமே பண்ண இத்த?"

"இன்னா பண்ணேன்? பொட்டு வெச்சேன். மருந்தடிக்கிற மெஷினுக்கே வெச்சேன், இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

"அரிசி எதுக்குமே போட்ட?"

"நல்லா இருக்கட்டும்னுதாங்க போட்டேன்."

காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து வந்தார். மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்ட பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டார் செய்வதைத்தான் அவரும் செய்தார். தோண்டினார். தோண்டத் தோண்ட அரிசி உள்ளே போயிற்று. குச்சியின் பஞ்சும் கூடவே போயிற்று. இதற்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் முதல் வைத்தியம். யார் கேட்கிறார்கள்?

கமலாவுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. பார்வை நேரே மீசைக்குப் போனது. "நான் என் தம்பிகிட்ட சொல்றேங்க. நாந்தான் கெடுத்தேன், பந்தயம் செல்லாதுன்னு."

வெங்கடேசன் யோசித்தார். நல்ல வழிதான். வெளித்திரை இன்னும் எரிகிறது. அதை மட்டும் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாலும் முடிந்தது. கை தானாக மீசைக்கு ஏறியது. ஏறின கையை அவரே கீழே இறக்கினார்.

"வேணாம்மே. பொண்டாட்டிய முன்னால தள்ளிட்டு பின்னால நின்னு மீசய முறுக்கிக்கினு இருந்தா, அது மீசயா?"

கொல்லையிலிருந்து பூமாலை வந்தான். கையெல்லாம் பச்சைப் பெயிண்ட். "இன்னா மாமா, போன் சொகமா?"

வெங்கடேசன் விரித்துக் காட்டினார். கறுக். சந்தனமும் குங்குமமும் பச்சைக் கோடுமாக அது தேர்போல இருந்தது. பூமாலை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் வைக்கோல் போரில் போய் விழுந்தான். சிரிப்பில் கால்தான் மேலே ஆடியது.

"சிரிக்காதடா! தூசி ஒண்ணும் பண்ணல. சோக ஒண்ணும் பண்ணல. உன் அக்காதான்டா பண்ணா!"

"அப்ப கொரியாக்காரன் மேலதான் தப்பு மாமா. இந்த ஊர்ல விக்க வரான். புதுசு எதுவா இருந்தாலும் பொட்டு வெப்பாங்கன்னு தெரிஞ்சுக்கினு வர வேணாமா? பொட்டு தாங்காத சாமான் இன்னா கண்டுபுடிப்பு?"

"மடிக்கவே தெரியாதவன் மடிச்சவனக் கேள்வி கேக்கறியா?"

"இரு, இரு. இத்த வீடியோ எடுத்து வரிசைக்காரங்க குரூப்ல போடறேன்!"

பூமாலை கூடத்துக்கு ஓடினான். ஓடியவன் திரும்பி வரக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, கரண்ட் இல்லியா?"

"இருக்குதேடா."

"போன் செத்துக் கெடக்குது. ஒயரும் வெளிய கெடக்குது. சொருகினா உள்ள போவ மாட்டேங்குது."

கமலா முந்தானையைக் கையில் சுற்றினாள். வெங்கடேசன் அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"கமலா... அதுக்குமா?"

"எனக்கு என் தம்பி வேற, நீங்க வேறயா? உங்களுக்கு மட்டும் வெச்சுட்டு அவன வுட்டா நல்லாவா இருக்கும்?" பிறகு கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்: "அதோட வாயில கொஞ்சம் சந்தனம் வெச்சேன்டா!"

"அக்கா, அது வாயி இல்ல! சார்ஜ் ஏத்துற எடம்!"

"அங்கதான சாப்புடுது? சாப்புடற எடம் வாயி இல்லாம வேற இன்னா?"

வெங்கடேசன் டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் இருமல்போல ஒன்று வந்தது. பிறகு கண்ணில் நீர் வந்தது. பூமாலை செத்த போனை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றான். ஊசியால் குத்தியிருக்கிறான், காய்ந்த சந்தனம் இன்னும் உள்ளே இறங்கிவிட்டது. மாமனும் மச்சானும் ஒருவர் போனை ஒருவர் பார்த்தார்கள். கமலா இருவர் மீசையையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் எடுங்க," என்றாள். "வாய் வுடும்போது என்னக் கேட்டா வுட்டீங்க?"

மறுநாள் காணும் பொங்கல். காலையில் தங்கமணி சலூனில் நாற்காலி ஒன்றுதான். அதில் யார் முதலில் உட்காருவது என்று தகராறு. "எதுவா இருந்தாலும் நான்தான்டா மொதல்ல," என்று வெங்கடேசன் உட்கார, "இதுலயாவது ஒரு தபா நான் முந்திக்கிறேன் மாமா," என்று பூமாலை அவர் மடியிலேயே உட்கார்ந்தான். தங்கமணி பொறுமை போய், இவருக்குப் பாதி, அவனுக்குப் பாதி, மறுபடி இவருக்குப் பாதி என்று மாற்றி மாற்றி வழித்து வேலையை முடித்தான்.

அரவை நேரத்தில் ஆலை நிற்காது. அன்று வெங்கடேசனுக்கு லோடு முறை. பனி இருந்ததால் இருவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டிராக்டரில் வரிசைக்கு வந்தார்கள். அன்று நின்றவர்கள் வேறு ஆட்கள், பந்தயம் தெரியாதவர்கள். மணலூர்பேட்டை மாட்டுவண்டிக்காரர் ஒருவர், வயதானவர், திரும்பிப் பார்த்தார். தலையில் துண்டு. வழித்த முகம் ஒன்றல்ல, இரண்டு. அவர் மெல்ல இறங்கி வந்து வெங்கடேசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பப்பா ஆச்சு?"

வெங்கடேசன் வாயைத் திறந்தார். சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது. துண்டின் முனையைக் கடித்துக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் பூமாலையின் தோள் குலுங்கியது.

"பாவம், அடக்க முடியலியே," என்றார் பெரியவர். வரிசையைப் பார்த்துக் கையைத் தட்டினார். "ஏம்பா, துக்க வூட்டுக்காரங்க. வழி வுடுங்க. முன்னால போவட்டும்."

மாட்டுவண்டிகள் ஒதுங்கின. டிராக்டர்கள் ஒதுங்கின. வண்டி எடைமேடைக்குப் பக்கத்தில், வரிசைக்கே முதலாக வந்து நின்றது. "பேசாம இரு மாமா," என்று பூமாலை தொடையில் கிள்ளினான். வெங்கடேசன் பின்னால் திரும்பினார். அந்தப் பெரியவர் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் மனிதருக்குத் தாங்கவில்லை. கீழே குதித்தார்.

"பெரியவரே, சாவு எதுவும் இல்லீங்க! போன்தாங்க போச்சு. என்னுது ஒண்ணு, இவனுது ஒண்ணு. பொட்டு வெச்சுட்டாங்க!"

பெரியவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"போனுக்காடா மீசய எடுத்தீங்க? பண்டிக நாளும் அதுவுமா? எடுங்கடா வண்டிய, பின்னால!" லோடிலிருந்து ஒரு கரும்பை உருவிக்கொண்டு அவர் ஓடி வந்தார். வரிசை மொத்தமும் விசிலடித்தது.

லோடு ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் எடுப்பது லேசான வேலை இல்லை. பூமாலை இறங்கிப் பின்னால் நின்று, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வழி காட்டினான். வெங்கடேசன் கண்ணீரைத் துடைத்துத் துடைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். டிரெய்லர் இரண்டு தடவை குறுக்கே போனது. மூன்றாவது தடவை நேராகி, எல்லா வண்டிகளையும் தாண்டி, வரிசையின் கடைசியில் போய் நின்றது.